பின்னால் சத்தமில்லாமல் வந்து தாண்டிப் போகிறார்கள், நான் ஒதுங்கி நிற்க வேண்டுமா?

காலைக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி நாட்களோடு விட்டுப்போன சைக்கிளை நாற்பது தாண்டிய பிறகு மறுபடியும் எடுத்திருக்கிறேன். நேரான ஹேண்டில்பார் வைத்த ஹைபிரிட் வண்டி. சாலையில் நெரிசல் சேரும் முன்பே கிளம்பிவிடுவேன். சமதளத்தில் மணிக்கு 15லிருந்து 18 கிலோமீட்டர் வரை போகிறேன், ஏற்றம் வந்தால் அதில் பாதி. ஓட்டுவது ரொம்பப் பிடித்துவிட்டது. விட்டுவிடக் கூடாது என்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

நான் போகும் சாலையில் ரோடு பைக்கில் வேகமாகப் போகிறவர்கள் நிறையப் பேர். வளைந்த ஹேண்டில், ஜெர்சி, பெடலோடு மாட்டிக்கொள்ளும் ஷூ எல்லாம் உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆசையே வந்தது. ஆனால் பக்கத்தில் வந்தால் பயமாக இருக்கிறது. லாரிகூடச் சத்தத்தோடு வருகிறது, இவர்கள் வருவதே தெரிவதில்லை. தோளை ஒட்டித் திடீரென்று ஒரு காற்று, நிமிர்ந்து பார்த்தால் ஆள் முன்னால் போய்க்கொண்டிருப்பார். சமீபத்தில் ஒருவர் அப்படிப் போனபோது திடுக்கிட்டதில் என் வண்டி லேசாக ஆடியது. அவருக்குப் பின்னால் வந்தவர் "நேரா ஓட்டத் தெரியாதா?" என்று கத்திவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் ஒருவர் என் பின்சக்கரத்தை ஒட்டியே ரொம்ப தூரம் வந்தார். பேசவும் இல்லை, தாண்டவும் இல்லை. செயின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மெதுவானால் அவரும் மெதுவானார்.

அப்புறம், ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்த பெரியவர் ஒருவர் "சீட் ரொம்பத் தாழ்வா இருக்கும்மா, முட்டி போயிடும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் எவ்வளவு உயர்த்துவது? உயர்த்தினால் கால் தரையில் எட்டாதே, அப்புறம் எப்படி நிறுத்துவது? கேட்க ஆள் இல்லை.

மெதுவாகப் போகிறவள் இவர்களுக்கு வழிவிட வேண்டுமா? ஓரத்துக்கு ஒதுங்க வேண்டுமா, இறங்கி நிற்க வேண்டுமா? நான் தலையசைத்தால் பலர் திருப்பி அசைப்பதில்லை. அதிலும் ஏதாவது முறை இருக்கிறதா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

எதிர்காற்று எழுதியது:

வாங்க மேடம். நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒதுங்க வேண்டாம், இறங்கி நிற்கவே வேண்டாம். முன்னால் போகிறவர் தன் பாதையில் நேராகப் போனால் போதும். பத்திரமாகத் தாண்டுவது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. வருகிறவர் எவ்வளவு பெரிய வேகக்காரராக இருந்தாலும் இது மாறாது. அவருக்கு நீங்கள் கண்ணில் படுகிறீர்கள், உங்களுக்கு அவர் படவில்லை. அடுத்த நொடி என்ன நடக்கப் போகிறது என்று அவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாலையில் மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான்.

பல வருடங்களாகக் குழுச் சவாரிகளை நடத்துகிறேன், அதிலும் புதிதாக வருகிறவர்களோடுதான் அதிகம் ஓட்டுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் 18ல் போகிறீர்கள், அவர் 30ல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 20 மீட்டர் பின்னால் இருக்கும்போதே அவர் மணி அடித்தால் உங்களுக்கு ஆறு நொடி கிடைக்கும். என்ன சத்தம் என்று புரிந்துகொண்டு, தோளைத் தளர்த்தி, நேராகப் போக அது தாராளம். அதே மணியை மூன்று மீட்டரில் அடித்தால் ஒரு நொடிகூட இல்லை. திடுக்கிடத்தான் நேரம் இருக்கும். உங்கள் வண்டி ஆடியது ஓட்டத் தெரியாததால் அல்ல. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஆடும்.

மணி இல்லாதவர் வாயால் சொல்லலாம், ஆனால் என்ன சொல்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். "வலது!" "இடது!" என்று வெறும் திசையைக் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குழுவில் பழகியவருக்கு அதன் அர்த்தம் தெரியும். புதியவர் காதில் அது கட்டளையாக விழுகிறது, கத்திய பக்கமே திரும்பிவிடுவார். அதனால் என்னோடு ஓட்டுகிறவர்களிடம் நான் சொல்லிவைத்திருப்பது இதுதான்: "நேரா போங்க, நான் தாண்டிக்கிறேன்." கேட்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் இரண்டு வார்த்தைகளிலேயே வந்துவிடுகிறது. சத்தமாகச் சொல்லலாம், அதட்டலாக வேண்டாம்.

இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குக் கோபமே வருகிறது. பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி போன்ற நாடுகளில் மோட்டார் வண்டிகள் சைக்கிளைத் தாண்டும்போது எத்தனை மீட்டர் விட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சைக்கிள்காரர்களான நாம் எல்லா இடத்திலும் கார்காரர்களிடம் அப்படி ஒன்றரை மீட்டர் இடைவெளி கேட்டுப் போராடுகிறோம். அப்படிக் கேட்கிற அதே ஆள் ஒரு புதியவரைத் தாண்டும்போது முழங்கை உரசுகிற மாதிரி போனால் அது என்ன நியாயம்? தாண்டிய உடனே அந்தப் புதியவருக்கு முன்னால் வந்து சொருகுவதும் அப்படித்தான். பயத்தில் அவர் முன் பிரேக்கை இறுக்கினால் விழப்போவது அவர்.

சரி, தலையசைப்பு. 35ல் போகிறவர் வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்துக் குனிந்திருப்பார். கையை எடுக்க முடியாது. பார்வை சாலையில் இருக்கும், மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். பலர் உங்களைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அசைப்பதை விடவும் வேண்டாம். ஆனால் முதலில் அசைக்க வேண்டியவர் அனுபவசாலிதான் என்பது என் கருத்து. ஹெல்மெட் பட்டையைத் தயக்கத்தோடு இறுக்கிக்கொண்டு வரும் ஒருவருக்கு அது பெரிய தெம்பு. இரண்டு விரலை ஹேண்டிலிலிருந்து தூக்கினாலே போதும்.

இப்போது சீட். அந்தப் பெரியவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். சீட் ரொம்பத் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கத்தில் பாரம் ஏறும். ஆனால் புதியவர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். கால் ஊன்ற வேண்டும் என்றுதான் நீங்கள் தாழ்த்தி வைத்திருக்கிறீர்கள். நிறுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்காமல் சீட்டை மட்டும் உயர்த்தச் சொன்னால் அடுத்த சிக்னலில் விழுவார். ஓடுகிற வண்டியில், அதுவும் ஏற்றத்தில், கேட்காத ஆளுக்கு ஆலோசனை சொல்வதை நான் என் குழுவில் அனுமதிப்பதில்லை. நின்ற பிறகு, "ஒன்று கவனித்தேன், சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. ஒரே நாளில் அங்கே போகாதீர்கள், அரை சென்டிமீட்டர் உயர்த்தி ஓட்டிப் பழகி, அப்புறம் மறுபடியும். சீட் கம்பியில் ஓர் எல்லைக்கோடு பொறித்திருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து கால் ஊன்றப் பார்க்காதீர்கள். வேகம் குறைந்ததும் ஒரு பெடலைக் கீழே கொண்டுவந்து அதன் மேல் எழுந்து நில்லுங்கள், சீட்டுக்கு முன்னால் இறங்குங்கள், பிரேக் பிடித்தபடியே மற்ற காலைத் தரையில் வையுங்கள். வெற்று மைதானத்தில் கொஞ்ச நேரம் செய்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.

பன்னிரண்டுபல் எழுதியது:

அக்கா, உங்களைப் பயமுறுத்தியவர்கள் சார்பில் நான் பேச வரவில்லை. ஆனால் வேகமாக ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்களும் பயத்தோடுதான் தாண்டுகிறோம்.

நான் வாரநாட்களில் இடைவேளைப் பயிற்சி செய்கிறவன். ஐந்து நிமிடம் முழு வேகம், பிறகு ஓய்வு, மறுபடி முழு வேகம். அந்த ஐந்து நிமிடத்தில் முன்னால் யார் யாரெல்லாம் வருகிறார்கள் தெரியுமா? இரண்டு காதிலும் இயர்போன் மாட்டியவர்கள். மூன்று பேர் வரிசையாகச் சாலையை அடைத்துக்கொண்டு கதை பேசுகிறவர்கள். சின்னப் பள்ளத்தைக் கண்டதும் பின்னால் பார்க்காமல் நடுச்சாலைக்கு வருகிறவர்கள். வளைவு முடிகிற இடத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்கிறவர்கள். மணி அடித்தால் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கிற பக்கமே வண்டி வந்துவிடும். அதனால்தான் எங்களில் பலர் சத்தம் போடாமல் சட்டென்று தாண்டிவிடுவதே பத்திரம் என்று நினைக்கிறோம். அண்ணன் எல்லாப் பொறுப்பையும் எங்கள் தலையில் வைத்ததை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை.

எதிர்காற்று எழுதியது:

தம்பி, இயர்போன் விஷயத்திலும் சாலையை அடைப்பதிலும் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. புதியவராக இருந்தாலும் அதற்குச் சலுகை கிடையாது. ஒரு காதையாவது சாலைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், நிறுத்துவதென்றால் சாலையை விட்டு இறங்கித்தான் நிறுத்த வேண்டும். மேடம், இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சத்தமில்லாமல் தாண்டுவது பத்திரம் என்பதை ஏற்க மாட்டேன். அவர் நேராகப் போவார் என்று நம்பித்தானே அப்படிப் போகிறீர்கள்? அவர் ஏன் விலகுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். புதியவரின் பார்வை முன்சக்கரத்துக்குச் சில மீட்டர் முன்னால்தான் இருக்கும். பள்ளத்தை அவர் கடைசி நேரத்தில்தான் பார்க்கிறார், பார்த்ததும் விலகுகிறார். நமக்கு அப்படி இல்லை, பழக்கத்தில் கண் தூரமாகப் போகிறது. அதனால் நான் தாண்டும் முன் அவரைப் பார்ப்பதில்லை, அவருக்கு முன்னால் உள்ள சாலையைப் பார்க்கிறேன். அங்கே ஒரு பள்ளம், மணல் திட்டு, சாக்கடை மூடி, நிற்கிற கார் ஏதாவது இருந்தால் அவர் அதைச் சுற்றி வருவார் என்று எடுத்துக்கொள்வேன். அது கடந்த பிறகுதான் தாண்டுவேன். நாலைந்து நொடி போகும், அவ்வளவுதான்.

இடைவேளைப் பயிற்சி நல்ல விஷயம், நானும் செய்கிறேன். அதற்கு ஆளில்லாத நேரம், ஆளில்லாத சாலை, அல்லது வீட்டுக்குள் வண்டியை நிலையாக மாட்டி மிதிக்கும் டிரெய்னர் கருவி. பொதுச்சாலையில் முன்னால் ஒரு புதியவர் தெரிந்தால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பந்தயத்திலேயே இப்படி நடந்துகொண்டவர்கள் உண்டு. 2022 டூர் டி பிரான்ஸின் 18ஆம் கட்டத்தில் ஸ்பாண்டெல் கணவாயின் இறக்கத்தில் போகச்சார் ஜல்லியில் சறுக்கி விழுந்தார். மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த விங்கெகோர், தன்னோடு போட்டியிடுகிற ஒரே ஆள் விழுந்திருக்கிறார் என்று தெரிந்தும், வேகத்தைக் குறைத்து அவர் வரும்வரை காத்திருந்தார். போகச்சார் வந்து சேர்ந்ததும் கையை நீட்டினார், ஓடிக்கொண்டே கைகுலுக்கினார்கள். அந்தக் கட்டத்தையும் விங்கெகோர்தான் வென்றார், அந்த வருட டூரையும் அவர்தான் வென்றார். உலகத்தின் மிகப்பெரிய பந்தயத்தில் அவருக்கு நேரம் இருந்தது. நம்முடைய காலைச் சவாரியில் நமக்கு இல்லையா?

மலையேறி எழுதியது:

அக்கா, பின்னால் ஒட்டி வந்த ஆளைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நான் பேசுகிறேன், ஏனென்றால் தனியாக ஓட்டுகிற பெண்களுக்கு அதுதான் ரொம்ப உறுத்துகிற விஷயம்.

ஒருவர் பின்னால் ஒட்டி வருவதற்கு ஓட்டுகிறவர்கள் மத்தியில் ஒரு காரணம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார், பின்னால் இருப்பவருக்கு உழைப்பு குறைகிறது. பந்தய வேகத்தில் அது பெரிய லாபம். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நாலு மடங்காகும். 36ல் இருக்கும் தடையில் நாலில் ஒரு பங்குதான் 18ல் இருக்கும். நீங்கள் போகும் வேகத்தில் பின்னால் ஒட்டுகிறவருக்குக் கிடைப்பது சொற்பம். ஆக, காற்றுக்காக வந்தேன் என்று ஒருவர் சொன்னால் அது அவ்வளவாக எடுபடாது. வேகமாக ஓட்டுகிற இருவருக்குள்ளும்கூட, தெரியாத ஒருவரின் சக்கரத்தைப் பிடிக்கும் முன் "பின்னால் வரலாமா?" என்று கேட்பதுதான் வழக்கம். முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாது, அவர் சட்டென்று பிரேக் பிடித்தால் அவர் பின்சக்கரத்தில் இவர் முன்சக்கரம் மோதும். விழப்போவது பெரும்பாலும் பின்னால் வந்தவர்தான்.

அதனால் அடுத்த முறை யாராவது அப்படி வந்தால் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். கையால் முன்னே போகச் சொல்லிக் காட்டுங்கள், "நீங்க போங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அப்படியும் போகவில்லை என்றால், ஆள் நடமாட்டம் உள்ள இடம் வரும்வரை ஓட்டி, அங்கே சாலையை விட்டு இறங்கி நின்று அவரைப் போக விடுங்கள். இது மரியாதைக் குறைவே இல்லை. நல்ல எண்ணத்தோடு வந்தவர் என்றால் அவருக்கே புரியும்.

ஆண்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பாக வருகிறேன் என்று நீங்களாக நினைத்துக்கொண்டு பின்னால் வராதீர்கள். உங்கள் மனதில் இருப்பது அவளுக்குத் தெரியாது. மணி அடித்து, காலை வணக்கம் சொல்லி, தாண்டிப் போய்விடுங்கள். அவள் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்து "எல்லாம் சரியா?" என்று தள்ளி இருந்தே கேளுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் போய்க்கொண்டே இருங்கள். உதவி வேண்டும் என்றால் நிறுத்துங்கள், அப்போதும் பம்பை நீட்டும் முன் கேளுங்கள். நான் டியூபை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். தானே மாட்டிப் பழகினால்தானே அடுத்த முறை யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்காது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேகத்தைப் பார்த்து உங்களை நீங்களே தாழ்வாக நினைக்காதீர்கள். நான் பிரெவே எனப்படும் நெடுந்தூரச் சவாரிகளுக்குப் போகிறேன். 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம், அதற்குள் வந்தால் போதும். முதல் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் கிடையாது. ஓய்வெல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தாலே நேரத்துக்குள் முடிந்துவிடும். நாலு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1200 கிலோமீட்டர், அதற்கும் 90 மணி நேரம் வரை அவகாசம். வேகமாக வருகிறவரும் மெதுவாக வருகிறவரும் ஒரே சாலையில், ஒரே சவாரியில் போகிறார்கள். இரவில் எதிரே ஒரு விளக்கு தெரிந்தால் யார், எவர் என்று பார்க்காமல் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம்.

காலைக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. சார், குதிகால் வைத்துப் பார்த்தேன், சீட் நிஜமாகவே ரொம்பத் தாழ்வுதான். அரை சென்டிமீட்டர் உயர்த்தியிருக்கிறேன். பெடல் மேல் எழுந்து நின்று இறங்குவது இன்னும் கைவரவில்லை, பழகுகிறேன். தம்பி, நீங்கள் சொன்னதும் புரிந்தது. நான் இயர்போன் மாட்டுவதில்லை, ஆனால் பள்ளம் பார்த்து விலகுவது எனக்கும் உண்டு.

இரண்டு சந்தேகம். விலகும் முன் பின்னால் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் தலையைத் திருப்பினாலே வண்டியும் திரும்புகிறது. அதற்கு என்ன வழி? அப்புறம், ஒரு குழுவில் வரச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். போகலாமா, இன்னும் கொஞ்சம் பழகிய பிறகா?

பன்னிரண்டுபல் எழுதியது:

அக்கா, முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன், அண்ணன் திருத்தட்டும். தலையைத் திருப்பும்போது தோளும் சேர்ந்து திரும்புகிறது, தோள் திரும்பினால் கை ஹேண்டிலை இழுக்கிறது. அதுதான் காரணம். எந்தப் பக்கம் பார்க்கிறீர்களோ அந்தப் பக்கத்து முழங்கையைத் தளர்த்துங்கள். தாடை தோளைத் தொடுகிற மாதிரி கழுத்தை மட்டும் திருப்புங்கள். அப்படியும் இழுத்தால் அந்தக் கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு திரும்புங்கள், அப்போது ஹேண்டிலை இழுக்கக் கையே இல்லை. தரையில் ஒரு கோடு உள்ள காலி இடத்தில், அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு பழகுங்கள். பின்னால் ஒருவரை நிற்க வைத்து எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு என் பயிற்சியாளர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

இடைவேளைப் பயிற்சியைப் பற்றி அண்ணன் சொன்னதை யோசிக்கிறேன். டிரெய்னர் வாங்கும் நிலையில் இப்போது இல்லை. நேரத்தை மாற்றிப் பார்க்கிறேன். பள்ளத்துக்காகக் காத்திருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

எதிர்காற்று எழுதியது:

திருத்த ஒன்றும் இல்லை தம்பி, நன்றாகச் சொன்னீர்கள்.

மேடம், குழுவுக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் போகும் முன் அழைத்தவரிடம் கொஞ்சம் விசாரியுங்கள். யாரையும் பின்னால் விட்டுவிடாத சவாரியா, சராசரி வேகம் என்ன, கடைசி ஆளாக யார் வருவார். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒழுங்காக நடத்தும் குழுவில் அனுபவசாலி ஒருவர் கடைசியில் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். "எல்லாரும் அவரவர் வேகத்தில் போவோம், கடைசியில் சந்திப்போம்" என்று பதில் வந்தால் அது உங்களுக்கான சவாரி இல்லை, இப்போதைக்கு. மேட்டில் காத்திருப்பார்களா என்றும் கேளுங்கள். சிலர் காத்திருப்பார்கள், நீங்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்த அதே நொடி கிளம்பிவிடுவார்கள். காத்திருந்தவர்கள் எல்லாரும் ஓய்வெடுத்திருப்பார்கள், ஓய்வு தேவைப்பட்ட ஒருவர் மட்டும் எடுத்திருக்க மாட்டார். கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்து மூச்சு சீரான பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று நான் வைத்திருக்கிறேன்.

குழுவுக்குள் போனதும் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைச் சொல்வேன்: உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக் கூடாது. முழுக்கப் பின்னால் இருக்கலாம், அல்லது ஹேண்டிலுக்கு ஹேண்டில் இணையாக இருக்கலாம். பாதி நுழைந்த நிலையில் அவர் ஒரு சாண் விலகினாலும் சக்கரம் உரசும், மலையேறி சொன்ன மாதிரி விழப்போவது நீங்கள். ஆரம்பத்தில் ஒரு வண்டி நீளம், அதற்கு மேலும்கூட இடைவெளி விடுங்கள். கிட்ட வா என்று யாராவது அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள்.

கைச்சைகைகளைக் கிளம்பும் முன்பே காட்டச் சொல்லுங்கள். விரலைத் தரைக்கு நீட்டினால் பள்ளம், உள்ளங்கையைப் பின்னால் விரித்துக் காட்டினால் நிற்கப் போகிறோம், முதுகுக்குப் பின்னால் கையை வீசினால் அந்தப் பக்கம் தடை இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு குழுவிலும் கொஞ்சம் மாறும். ஒரு கையை விட்டு ஓட்ட இன்னும் பழகவில்லை என்றால் சைகை காட்ட வேண்டாம், "பள்ளம்" என்று வாயால் சொன்னால் போதும். சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கப் பார்க்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுங்கள். எழும் நொடியில் வண்டி கொஞ்சம் பின்வாங்கும், பின்னால் ஒட்டி வருகிறவர் அதில் மோதலாம்.

முதல் சவாரியில் கடைசி ஆளுக்கு முன்னால் உங்களுக்கு இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் முழு வரிசையும் தெரியும், யார் எப்போது கை காட்டுகிறார்கள், எப்படி மாறுகிறார்கள் என்று சீக்கிரம் புரிந்துவிடும். போய் வந்து எழுதுங்கள், ஏதாவது உறுத்தினால் அதையும் எழுதுங்கள்.